கொத்து ரொட்டியிலிருந்து சட்ஜிபிடி வரை: ஒரு வதந்தியை யார் விசாரிப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

அண்மையில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்திருந்தோம். தலைப்பு 1915 கலவரம். கம்பளையில் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹரா வாத்தியத்தோடு போகலாமா கூடாதா என்று வழக்கு நடந்தது, உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, பிறகு மே மாத இறுதியில் வெசாக் நேரத்தில் கண்டியில் ஆரம்பித்த கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவியது, ஜூன் 2ஆம் திகதி ஆங்கிலேயர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார்கள். இவ்வளவும் எமது பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு.

ஒரு பிள்ளை மிக அழகாக எழுதிக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தில் ஐந்து நூல்களின் பெயர், ஆசிரியர், வெளியான ஆண்டு எல்லாம் இருந்தன. எமக்கு மகிழ்ச்சி. அந்த நூல்களை நாமும் வாசிக்கலாம் என்று தேடினோம். மூன்று நூல்கள் எங்குமே இல்லை. ஒன்றின் ஆசிரியர் உண்மையானவர், ஆனால் அப்படியொரு நூலை அவர் எழுதியதேயில்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். "சேர், அது சட்ஜிபிடி தந்தது. நான் அப்படியே எழுதினேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை எமக்குச் சொன்னாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எமக்கு 2018 ஞாபகம் வந்தது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் எமது சகோதரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டில் ஒரு கட்டி இருந்தது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். கேள்வி சரியாக விளங்காமல், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்குப் பயந்து, கடையில் இருந்தவர் தலையசைத்தார். அதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பேஸ்புக்கில் போட்டார்கள். அன்றிரவே கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர்தான் வந்தது. அது மாவுக்கட்டி. ஒரு மனிதனை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அறிக்கை வரும்வரை வதந்தி காத்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் திகன. அதன் தொடக்கம் வேறு. தெல்தெனியவில் எமது இளைஞர்கள் சிலர் தாக்கியதில் காயமடைந்த ஒரு சிங்களச் சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். அது நடந்த குற்றம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குற்றத்தின் மேல் மலட்டு மாத்திரைக் கதையும் இன்னும் நூறு கதைகளும் வந்து குவிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், மறுநாள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம். சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டும் நடவடிக்கை எடுக்காத பேஸ்புக், 2020 மே மாதத்தில்தான் தனது பங்குக்கு மன்னிப்புக் கேட்டது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த நாட்களில் நாம் கல்வியியற் கல்லூரியில் இருந்தோம். ஓர் இரவு எமது குழுவுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. இரண்டு பஸ் நிறைய ஆட்கள் எமது ஊரை நோக்கி வருகிறார்கள் என்று ஒருவர் மூச்சிரைக்கச் சொன்னார். நாம் யோசிக்கவில்லை. ஊர்க் குழுவுக்கு அனுப்பினோம். உம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். சுகமில்லாத ஒரு மூத்தம்மாவைக் கதிரையோடு தூக்கிப் போனார்கள். விடியும்வரை எந்த பஸ்ஸும் வரவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாம் அனுப்பியதை மட்டும் பலருக்குத் தெரியும்.

ஆகவே, வதந்தியை விசாரிப்பது பற்றி இந்த உலகம் என்ன கற்றுக்கொண்டது, இயந்திரம் வந்த பிறகு அது எப்படி மாறுகிறது என்று கொஞ்சம் தேடி வாசித்தோம். அதன் வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

ஆரம்பத்தில் சரிபார்ப்பு என்பது பத்திரிகை அச்சாகும் முன்னர் உள்ளே நடந்த வேலை. அமெரிக்காவின் டைம் சஞ்சிகை 1923இல் தொடங்கியபோதே எழுத்தாளர் எழுதியதைச் சரிபார்க்க ஆட்களை வைத்திருந்தது. அச்சான பிறகு, பேசிய பிறகு, வெளியாட்கள் விசாரிக்கும் முறை இணையத்தோடு வந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஸ்னோப்ஸ், 2003இல் ஃபக்ட்செக், 2007இல் பொலிட்டிஃபக்ட். 2015இல் சர்வதேச உண்மைச் சரிபார்ப்பு வலையமைப்பு உருவானது. எமது நாட்டிலும் பிறகு சிங்களத்திலும் தமிழிலும் இந்த வேலையைச் செய்யும் குழுக்கள் வந்தன.

இவர்களுடைய கஷ்டம் ஒன்றுதான். பொய் சொல்ல ஒரு நிமிடம் போதும். விசாரிக்க ஒரு நாள், சில நேரம் ஒரு வாரம் போகும். திகன எரிந்த அதே 2018 மார்ச்சில் சயன்ஸ் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர் 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய சுமார் 126,000 செய்திகளை ஆராய்ந்திருந்தார்கள. உண்மையான செய்தி 1,500 பேரைச் சென்றடைய, பொய்ச் செய்தியைவிட ஆறு மடங்கு நேரம் எடுத்தது. பொய்யைப் பரப்பியது பெரும்பாலும் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள். எம்மைப் போன்றவர்கள்.

அப்போதே ஆய்வாளர்கள் இயந்திரத்தின் உதவியைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். முதலில், சொல்லப்பட்டவற்றில் விசாரிக்க வேண்டியது எது என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது, அதற்குச் சான்று தேடுவது. மூன்றாவது, தீர்ப்புச் சொல்வது. 2017இல் பொலிட்டிஃபக்ட் விசாரித்த சுமார் 12,800 கூற்றுகளைக் கொண்டு ஒரு தரவுத் தொகுப்பு வந்தது. 2018இல் விக்கிப்பீடியாவை வைத்து 185,445 கூற்றுகளோடு ஃபீவர் என்ற தொகுப்பு வந்தது.

ஃபீவர் தொகுப்பில் ஒரு விடயம் எமக்குப் பிடித்தது. இயந்திரம் சொல்லக்கூடிய விடைகள் மூன்று. சரி, பிழை, போதிய சான்று இல்லை. மூன்றாவது விடையை நன்றாகக் கவனியுங்கள். "எனக்குத் தெரியாது" என்று சொல்லவும் இயந்திரத்துக்குக் கற்பித்தார்கள்.

2022 நவம்பர் 30ஆம் திகதி சட்ஜிபிடி வந்தது. அது வேறு வகை. முன்னைய இயந்திரங்கள் சான்றைத் தேடித் தீர்ப்புச் சொல்லப் பழக்கப்பட்டவை. இது அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணித்துக் கணித்து எழுதப் பழக்கப்பட்டது. கேட்டதற்கு ஏற்ற வடிவத்தில் விடை வரும். நூற்பட்டியல் கேட்டால் நூற்பட்டியல் போலவே ஒன்று வரும். எமது பிள்ளைக்கு நடந்தது அதுதான். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், சட்ஜிபிடியின் அப்போதைய பழைய பதிப்பு தந்த மேற்கோள் நூல்களில் 55 வீதம் இல்லாதவை. புதிய பதிப்பில் அது 18 வீதமாகக் குறைந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த 18 எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதே ஆண்டு நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் இருவர் சட்ஜிபிடி சொன்ன இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். நீதிபதி 5,000 டொலர் அபராதம் விதித்தார். படித்த சட்டத்தரணிகளே அப்படியென்றால் பதினைந்து வயதுப் பிள்ளையை என்ன சொல்வது?

பொய்யைச் செய்வதும் இலகுவாகிவிட்டது. 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் தேர்தலுக்கு இரண்டு நாட்களே இருந்தபோது, ஒரு கட்சித் தலைவர் வாக்குகளை வாங்குவது பற்றிப் பேசுவது போன்ற குரல்பதிவு பரவியது. அது செயற்கையாகச் செய்யப்பட்டது என்று சரிபார்ப்பாளர்கள் சொன்னார்கள். ஆனால் தேர்தலுக்கு முந்திய மௌன காலம் என்பதால் ஊடகங்களால் அதைப் பற்றித் தாராளமாகப் பேச முடியவில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனாதிபதி பைடனின் குரலிலேயே வாக்காளர்களுக்குத் தொலைபேசி அழைப்பு போனது, வாக்களிக்க வராதீர்கள் என்று. குரல் அவருடையது அல்ல.

எமது 2018 குரல்பதிவை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். அன்று மூச்சிரைக்கப் பேசியவர் குறைந்தது ஒரு மனிதர். இனி வருவது எமது ஊர் மௌலவியின் குரலிலேயே வரலாம். விகாரையின் ஹாமுதுருவின் குரலில் சிங்களத்திலும் வரலாம். அம்பாறையில் அவர்களுக்கு ஒரு மனிதனின் தலையசைப்பு தேவைப்பட்டது. இனி அதுவும் தேவைப்படாது.

இதற்கு நேரெதிரான ஓர் ஆபத்தும் இருக்கிறது. செஸ்னி, சிட்ரன் என்ற இரண்டு அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் அதைப் பொய்யனுக்குக் கிடைக்கும் இலாபம் என்று வர்ணித்தார்கள். போலி வீடியோ செய்யலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், உண்மையான வீடியோவில் மாட்டியவனும் "அது ஏ.ஐ." என்று சொல்லித் தப்பிக்கலாம். கடைகளைக் கொளுத்தியவர்களின் முகம் பதிவான வீடியோவைக் கொண்டுபோனாலும் நாளை அதே பதில் வரலாம். அநியாயம் செய்யப்பட்டவர்களின் கையில் இருந்த ஒரே சான்றும் பலவீனமாகிறது. எமக்கு இதுதான் பெரிய பயம்.

அப்படியென்றால் இயந்திரமே இயந்திரத்தைப் பிடிக்காதா? இது பற்றித்தான் இப்போது பல்கலைக்கழகங்களில் நிறைய ஆய்வு நடக்கிறது. முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்கிறோம். ஒரே வதந்தி பத்து மொழிகளில் சுற்றும்போது அது ஏற்கனவே விசாரிக்கப்பட்டதா என்று தேடிப் பொருத்த இயந்திரம் உதவுகிறது. நீண்ட பேச்சை எழுத்தாக்கி, விசாரிக்க வேண்டிய வரிகளைப் பிரித்துத் தருகிறது. 2024 செப்டம்பரில் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், சதிக் கதைகளை நம்பிய 2,190 அமெரிக்கர்கள் ஏ.ஐ.யோடு உரையாடினார்கள். அவர்களுடைய நம்பிக்கை சராசரியாக 20 வீதம் குறைந்தது, இரண்டு மாதங்களுக்குப் பின்னரும் அப்படியே இருந்தது. இயந்திரம் அவர்களைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. அவர்கள் சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் சான்றோடு பொறுமையாகப் பதில் சொன்னது. எமது குடும்பக் குழுக்களில் சாச்சாமார் போடும் வதந்திகளுக்கு நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

இனி மறுபக்கம். அதே 2024 டிசம்பரில் வெளியான வேறோர் ஆய்வில், செய்தித் தலைப்புகளோடு சட்ஜிபிடியின் சரிபார்ப்பையும் மக்களுக்குக் காட்டினார்கள். பொய்யான தலைப்புகளில் பெரும்பாலானவற்றை அது சரியாகவே பொய் என்றது. ஆனாலும் உண்மையையும் பொய்யையும் பிரித்தறியும் மக்களின் திறன் மொத்தத்தில் கூடவில்லை. அது தவறுதலாகப் பொய் என்று சொன்ன உண்மைச் செய்திகளை மக்கள் நம்பாமல் விட்டார்கள். அது தெளிவாகச் சொல்லாத பொய்ச் செய்திகளை இன்னும் கொஞ்சம் நம்பினார்கள்.

2025 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் 14 மொழிகளில் செய்த ஆய்வில், செய்திகள் பற்றிய கேள்விகளுக்கு ஏ.ஐ. உதவியாளர்கள் தந்த விடைகளில் 45 வீதத்தில் குறைந்தது ஒரு பெரிய பிரச்சினை இருந்தது. அதே ஆண்டு மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது, மக்கள் எக்ஸ் தளத்தில் குரொக்கிடம் வீடியோக்களைக் காட்டி உண்மையா என்று கேட்டார்கள். சூடானின் கார்தூம் விமான நிலையத்தில் எடுத்த பழைய வீடியோவைப் பாகிஸ்தானின் நூர் கான் விமானத் தளத்தின் மீதான தாக்குதல் என்று அது சொன்னது. போர் நேரத்தில், தெளிவான பாஷையில், பிழையான விடை.

இவ்வளவுக்கும் நடுவில் 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளிச் சரிபார்ப்பாளர்களோடு செய்துவந்த திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. மனிதர்கள் விலகும் நேரத்தில் இயந்திரத்திடம் கேட்கும் பழக்கம் கூடுகிறது.

எமது மொழியின் நிலைமை இன்னும் மோசம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த இயந்திரங்களின் சரிபார்ப்புத் திறன் மொழிக்கு மொழி மாறுகிறது என்றும், அதே கூற்றை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தால் கூடச் சரியாகச் சொல்கிறது என்றும் காட்டியது. காரணம் எளிது. அது படித்தது பெரும்பாலும் ஆங்கிலம். அம்பாறையிலும் திகனவிலும் வதந்தி சிங்களத்தில் ஓடியது. எமது பயம் தமிழில் ஓடியது. விசாரிக்கும் கருவி ஆங்கிலத்தில்தான் கெட்டிக்காரன்.

இதை எழுதும்போது எமக்கு மத்ரஸாவில் படித்த ஹதீஸ் கலை ஞாபகம் வருகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தி வந்தால் அதன் அழகைப் பார்க்கவில்லை. யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று பார்த்தார்கள். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையைப் பற்றி மட்டும் தொகுதி தொகுதியாக எழுதினார்கள். இட்டுக்கட்டப்பட்ட செய்திகளை மட்டும் திரட்டி இமாம் இப்னுல் ஜவ்ஸி 12ஆம் நூற்றாண்டில் தனி நூலே எழுதினார். இட்டுக்கட்டியவர்களில் மக்களை நன்மைக்கு அழைக்கிறோம் என்று நல்லெண்ணத்தோடு பொய் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களையும் அந்த அறிஞர்கள் விடவில்லை.

சட்ஜிபிடி தரும் விடையில் இல்லாதது இந்தச் சங்கிலிதான். சில நேரம் சங்கிலி போல ஒன்றைத் தரும். அந்தப் பிள்ளையின் ஐந்து நூல்கள் போல. ஒவ்வொரு கண்ணியையும் பிடித்து இழுத்துப் பார்த்தால்தான் அது இரும்பா கடதாசியா என்று தெரியும். இப்போது சிலர் ஹதீஸையே அதனிடம் கேட்டு, இலக்கத்தோடு குழுக்களில் போடுகிறார்கள். தயவுசெய்து, அந்த இலக்கத்தில் அந்த ஹதீஸ் இருக்கிறதா என்று கிதாபைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு ஆலிமிடம் கேளுங்கள்.

இப்போது வகுப்பில் இப்படிச் செய்கிறோம். ஏ.ஐ.யைத் தடைசெய்யவில்லை. தடைசெய்தாலும் வீட்டில் பாவிப்பார்கள். அது தந்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்று கேள்விக்கு விடை எழுதச் சொல்கிறோம். இதை முதலில் சொன்னது யார்? அவர் நேரில் பார்த்தவரா? அவரோடு சம்பந்தமில்லாத இன்னொருவர் இதைச் சொல்லியிருக்கிறாரா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் "போதிய சான்று இல்லை" என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் புள்ளி குறையாது. அந்தப் பிள்ளை ஒப்படையைத் திரும்ப எழுதினாள். இந்தத் தடவை இரண்டு நூல்கள்தான், இரண்டும் இருக்கின்றன. மூன்று இடத்தில் "போதிய சான்று இல்லை" என்று எழுதியிருந்தாள். முழுப் புள்ளி கொடுத்தோம்.

ஊர்க் குழுக்களிலும் இதையே கேட்கிறோம். இரவில் ஒரு குரல்பதிவு வந்தால், அனுப்பியவருக்கு எடுத்து "நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் இன்னொருவரைச் சொன்னால் அவருக்கும் எடுங்கள். சங்கிலி அறுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நாம் 2018இல் அந்த ஒரு அழைப்பை எடுத்திருந்தால் அந்த மூத்தம்மாவைக் கதிரையோடு தூக்கியிருக்க வேண்டியதில்லை. அவர் இப்போது இல்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1915 பற்றித் தமது வாப்பாமாரிடம் கேட்டவர்கள் போய்விட்டார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணித்தியால அவகாசத்தில் வெளியேறியவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். 2018ஐப் பார்த்தவர்கள் நாம் எல்லோரும்தான். இவை தமிழில், பெயரோடும் திகதியோடும், யார் சொன்னது யார் எழுதியது என்ற விபரத்தோடும் எழுதப்படாவிட்டால், நாளை எமது பிள்ளைகள் இயந்திரத்திடம்தான் கேட்பார்கள். அது இல்லாத நூல்களைக் காட்டி எமது கதையைச் சொல்லும்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு கொப்பியோடு பக்கத்தில் உட்காருங்கள். கேட்ட திகதியையும் இடத்தையும் முதலில் எழுதுங்கள். அவர்களுக்கு ஞாபகமில்லாததை நீங்கள் நிரப்பாதீர்கள், ஞாபகமில்லை என்றே எழுதுங்கள். எழுதியதைப் பாடசாலையில் எம்மிடம் கொண்டுவந்து தந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து தொகுத்து நூலகத்தில் வைப்போம்.

இந்தப் பதிவில் பிழை ஏதும் இருந்தால் கீழே சொல்லுங்கள். எங்கே பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.